கையில் எட்டு மாதக் குழந்தை, கடைசி வருடப் படிப்பு: எந்தச் சீருடை?

போன மாதம் ஒரு மதியம், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு மாணவர் மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பி.எஸ்சி. கடைசி வருடம், வயது 22. "மேடம், ஆர்மிக்குப் போகலாம்னு இருக்கேன். உங்க அப்பா ஆர்மில இருந்தவர்னு சொன்னாங்க, அதான் உங்ககிட்ட கேக்கலாம்னு வந்தேன்" என்றார். தாராளமாகக் கேளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, போன வருடமே கல்யாணம் ஆகிவிட்டது, பெண் குழந்தைக்கு எட்டு மாதம் என்றார். ஏதோ தப்பு செய்துவிட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொன்னார். எனக்கு அதுதான் வருத்தமாக இருந்தது.

எங்கள் வேலூர்ப் பக்கம் ராணுவம் புதிதல்ல. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்த ஊர் அது. ஆனால் இங்கே பையன்கள் கிரவுண்டில் ஓடத் தொடங்குவது பிளஸ் டூ படிக்கும்போது. கல்யாணம் அப்புறம்தான். வரிசை மாறி வந்தவருக்கு யாரும் வழி சொல்வதில்லை. "உனக்கெல்லாம் முடியாதுப்பா" என்பார்கள், இல்லையென்றால் "கல்யாணம் ஆனதைச் சொல்லாதே" என்பார்கள். முதலாவது பாதி உண்மை. இரண்டாவது ஆபத்து. அன்றைக்கு அவரிடம் பேசியதையும், பிறகு அறிவிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

முதலில் மூடியிருக்கும் கதவுகள். 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து சிப்பாய், கடற்படை வீரர், விமானப்படை வீரர் என்று எந்தப் படையில் கீழ்நிலையில் சேர்ந்தாலும் பொதுவாக அக்னிவீரராகத்தான் சேர வேண்டும். அதற்குத் திருமணமாகாதவராக இருப்பது கட்டாயம். நான்காண்டு முடியும்வரை திருமணம் செய்துகொள்ளவும் கூடாது. ஆகவே நம் மாணவருக்கு அந்த வழி இல்லை. அவருக்கு இது பெரிய ஏமாற்றம். இருந்தாலும், குடும்பஸ்தருக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், அதில் 30 சதவீதம் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போய்விடும், கைக்கு 21,000 வரும். நான்காவது வருடம் 40,000, கைக்கு 28,000. முடிவில் அரசின் பங்கையும் சேர்த்துப் பத்து லட்சத்துக்குச் சற்று மேல், வட்டி தனி. ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. நிரந்தரமாக எடுத்துக்கொள்வது நான்கில் ஒருவர் வரைதான். பத்தொன்பது வயதுப் பையனுக்கு இது ஒரு தொடக்கம். ஆனால் குழந்தை பள்ளியில் சேரும் வயதில் அப்பா மறுபடி வேலை தேட வேண்டும் என்றால் அந்த வீடு தாங்காது. இந்தக் கதவு மூடியிருப்பதற்காக அவர் அழ வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

அதிகாரி ஆகலாமே என்று கேட்பீர்கள். யுபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் என்ற படை அதிகாரிகளுக்கான தேர்வு எழுதி டேராடூன் அகாடமிக்கோ, நம் பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கோ போகும் ஆண்களும் திருமணமாகாதவர்களாக இருக்க வேண்டும். "பேப்பர்ல டைவர்ஸ் வாங்கிட்டா?" என்று ஒருவர் யோசனை சொன்னாராம். மனைவியை இழந்த, விவாகரத்தான ஆண்களைத் திருமணமாகாதவராகக் கருத முடியாது என்று அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. தவிர, ஒரு வேலைக்காக வீட்டுக்காரியைக் காகிதத்தில் தள்ளி வைப்பதை நான் யோசனை என்றே எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு சிறிய இடைவெளி விமானப்படையில் இருக்கிறது. அந்தப் படையின் அதிகாரிகளுக்காக ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் ஏஎஃப்கேட் தேர்வின் விதி இப்படி: பயிற்சி தொடங்கும்போது 25 வயதுக்குக் குறைந்தவர் திருமணமாகாதவராக இருக்க வேண்டும். தரைப்பணிப் பிரிவுகளுக்கு உச்ச வயது 26. அதாவது 25 முடிந்து 26 முடியாமல் இருக்கும் அந்த ஓராண்டுக்குள் திருமணமானவர் நுழையலாம். பட்டப்படிப்பில் 60 சதவீதம் வேண்டும். நம்மவருக்கு அந்த வயது வர மூன்று ஆண்டு இருக்கிறது. ஓராண்டுத் திறப்பை நம்பி மூன்றாண்டு காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 24 வயது முடிந்த ஒருவர் இதைப் படித்தால், அவருக்கு இது நிஜமான வாய்ப்பு. பயிற்சிக்காலம் முழுவதும் குடும்பத்தோடு தங்க முடியாது, வெளியே வீடெடுத்து வைத்துக்கொள்ளவும் அனுமதி இல்லை என்பதை வீட்டில் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

மருத்துவம் படித்தவர்களுக்குக் கதை வேறு. எம்பிபிஎஸ் முடித்தவர் ராணுவ மருத்துவப் பிரிவில் ஷார்ட் சர்வீஸ் கமிஷனில், அதாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான அதிகாரிப் பணியில், சேரத் திருமணம் தடை இல்லை. செவிலியர்களுக்கு ஒரு காலத்தில் தலைகீழான நிலைமை இருந்தது. ராணுவச் செவிலியர் பணியில் இருந்த லெப்டினன்ட் செலினா ஜான், 1988இல் திருமணம் செய்துகொண்டதற்காகவே வேலையிலிருந்து அனுப்பப்பட்டார். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது தவறு என்று சொல்லி 60 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. நீதி கிடைக்க 36 வருடம் ஆனது. பெண்களுக்குத் திருமணம் எப்படியெல்லாம் குறுக்கே நின்றது என்பதற்கு இந்த ஒரு வழக்கு போதும்.

இன்றும் சிடிஎஸ் அறிவிப்பில் பெண்களுக்கு "குழந்தை இல்லாத விதவை, குழந்தை இல்லாத விவாகரத்தானவர்" என்ற சொற்கள் இருக்கின்றன. கைக்குழந்தையோடு இருக்கும் மாணவிக்கு அதைப் படிக்கும்போது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பணியில் இருக்கும்போது இறந்த படைவீரரின் மனைவிக்கு மட்டும் ராணுவம் தனி வழி வைத்திருக்கிறது. 35 வயது வரை, குழந்தை இருந்தாலும், பரங்கிமலையில் பயிற்சி பெற்று அதிகாரி ஆகலாம்.

இனி அந்த ஆபத்தான யோசனை, கல்யாணத்தை மறைப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடுதான் பலரும் இதைச் சொல்கிறார்கள். ராணுவ ஆள்சேர்ப்பில் புகைப்படம் ஒட்டிய 'திருமணமாகாதவர்' சான்றிதழ் கேட்கிறார்கள். பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் எப்போது தெரிந்தாலும் வேலை போகும், வழக்கும் வரலாம். அது ஒரு பக்கம். என்னை அதிகம் பயமுறுத்துவது வேறு. படையில் ஒருவரின் திருமணம், குழந்தை பிறப்பு எல்லாம் பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவில் ஏற வேண்டும். என் அப்பா என்னுடைய பிறப்புப் பதிவு வந்துவிட்டதா என்று கடிதத்துக்குக் கடிதம் அம்மாவிடம் எழுதியிருக்கிறார். அந்தப் பதிவில் பெயர் இல்லாத மனைவிக்கு ராணுவ மருத்துவமனை கிடையாது, குவார்ட்டர்ஸ் கிடையாது. கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், நான்தான் மனைவி என்று நிரூபிக்க அவர் எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டியிருக்கும்? குடும்பத்துக்காக வேலைக்குப் போகிறவர், அந்த வேலையின் ஏட்டில் குடும்பமே இல்லாதவராக நிற்பது எவ்வளவு பெரிய அநியாயம்! அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

சரி, திறந்திருக்கும் கதவுகள் எவை? நான்கு. மத்திய அரசின் தேர்வாணையமான எஸ்எஸ்சி நடத்தும் ஜிடி தேர்வு வழியாக, பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப் போன்ற மத்திய ஆயுதப்படைகளில் காவலர். யுபிஎஸ்சி வழியாக அதே படைகளில் உதவி கமாண்டன்ட். தமிழ்நாடு காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலர் அல்லது எஸ்.ஐ. அப்புறம், பலருக்குத் தெரியாத பிராந்திய ராணுவம், டெரிடோரியல் ஆர்மி என்பார்கள். இந்த நான்கிலும் திருமணம் தடை இல்லை.

இவற்றை ஒப்பிடும்போது எல்லோரும் சம்பளத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன். என் அப்பா மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி எடுத்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். என்னை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஏழு மாதம். மூன்று வயதில் யாராவது "வந்திருக்கிறது யாரு?" என்று கேட்டால் "லீவு அப்பா" என்பேனாம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் அப்பா அந்த இடத்தில் எழுந்து போய்விடுவார். வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, அது தவிர கேஷுவல் லீவு. எல்லையிலிருந்து விலகிய பீஸ் ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ் கிடைத்த மூன்று வருடங்கள் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். மீதி எல்லாம் கடிதம், பிறகு எஸ்டிடி பூத். அதனால் என் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: இந்த வேலையில் வருடத்துக்கு எத்தனை இரவு பிள்ளை உங்கள் பக்கத்தில் படுத்துத் தூங்கும்?

அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் எஸ்எஸ்சி ஜிடி என்பது ஒரே வேலை அல்ல, ஐந்தாறு வேறு வேறு வாழ்க்கை. பிஎஸ்எஃப் பாகிஸ்தான், வங்கதேச எல்லையில் நிற்கிறது. ஐடிபிபி சீன எல்லையில், பனிமலையில். எஸ்எஸ்பி நேபாள, பூட்டான் எல்லையில். அசாம் ரைஃபிள்ஸ் வடகிழக்கில். சிஆர்பிஎஃப்புக்கு ஆவடியில் குழு மையம் இருந்தாலும், கம்பெனிகள் காஷ்மீர், சத்தீஸ்கர், தேர்தல் பாதுகாப்பு என்று நகர்ந்துகொண்டே இருக்கும். சிஐஎஸ்எஃப் மட்டும் வேறு மாதிரி. விமான நிலையம், துறைமுகம், அணுமின் நிலையம், டெல்லி மெட்ரோ என்று ஓரிடத்தில் நிலையாக இருக்கும் இடங்களைக் காப்பது அதன் வேலை. கல்பாக்கம், கூடங்குளம், தூத்துக்குடித் துறைமுகம் என்று தமிழ்நாட்டிலும் இடங்கள் உண்டு. அங்கேதான் போடுவார்கள் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் ராஞ்சியில் போட்டாலும் பக்கத்தில் ஒரு வாடகை வீடு பார்த்துக் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியும், ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வர முடியும். பனிமலை முகாமில் அது நடக்காது.

ஒரே தேர்வு, ஒரே சம்பளம். விண்ணப்பத்தில் எந்தப் படை முதல், எது இரண்டாவது என்று வரிசை கேட்கும் அந்தக் கட்டத்தில்தான் இவ்வளவு பெரிய வித்தியாசமும் ஒளிந்திருக்கிறது. நிறைய பேர் நண்பன் போட்டதைப் பார்த்துப் போடுகிறார்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டர் சென்டரில் இருப்பவர் போட்டுவிடுகிறார். குடும்பஸ்தர்கள் அந்தக் கட்டத்தை மனைவியோடு உட்கார்ந்து நிரப்ப வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தேர்வு கடினமில்லை. பத்தாம் வகுப்புத் தகுதி, 80 கேள்வி, 160 மதிப்பெண், ஒரு மணி நேரம். 2024 ஜனவரியிலிருந்து தமிழிலேயே எழுதலாம், அது பெரிய மாற்றம். ஆண்களுக்கு 170 செ.மீ. உயரம், 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்களுக்கு 157 செ.மீ., 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்தில். நேர்காணல் கிடையாது. அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 21,700, மேலே பஞ்சப்படியும் மற்ற படிகளும். வயது 18 முதல் 23, பிற்படுத்தப்பட்டோருக்கு 26, பட்டியல் வகுப்பினருக்கு 28.

ராணுவமும் மத்திய ஆயுதப்படைகளும் ஒன்று என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராணுவம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், இந்தப் படைகள் உள்துறை அமைச்சகத்தின் கீழ். ஆபத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் இறந்த 40 பேரும் சிஆர்பிஎஃப் வீரர்கள்தான், அதில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர், அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர். ஆனால் ஓய்வூதியத்தில் வித்தியாசம் இருக்கிறது. அப்பா காலத்து ராணுவச் சிப்பாய்க்கு 15 வருடப் பணிக்கே வாழ்நாள் ஓய்வூதியம். 2004க்குப் பிறகு இந்தப் படைகளில் சேர்ந்தவர்கள் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், 25 வருடப் பணிக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி கிடைக்கும். இரண்டிலும் மாதச் சம்பளத்திலிருந்து பிடித்தம் போகும் என்பதையும் வீட்டுச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு வருடத்துக்கு 100 நாள் இருக்க வைக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் 2019இல் ஓர் இலக்கு அறிவித்தது. நல்ல இலக்கு. ஆனால் ஆள் பற்றாக்குறை, தேர்தல், கலவரம் என்று வரும்போது முதலில் அடிபடுவது லீவுதான். 100 நாள் என்று எண்ணி வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்தது உதவி கமாண்டன்ட். அதே படைகளில் அதிகாரி வேலை, அடிப்படைச் சம்பளம் 56,100. பட்டம் வேண்டும். வயது 20 முதல் 25, பிற்படுத்தப்பட்டோருக்கு 28, பட்டியல் வகுப்பினருக்கு 30. 250 மதிப்பெண் பொதுத்தாள், 200 மதிப்பெண் எழுத்துத்தாள், 150க்கு நேர்முகம். ராணுவ அதிகாரியின் கம்பீரம் வேண்டும், ஆனால் கல்யாணமாகிவிட்டது என்பவருக்கு இதைவிட நெருங்கிய வேலை கிடையாது. எங்கள் கல்லூரியில் இதன் பெயர்கூடப் பலருக்குத் தெரியவில்லை, அது ஆசிரியர்களாகிய எங்கள் குறை. ஒரு தடை உண்டு: இந்தத் தேர்வில் தமிழ் கிடையாது. கட்டுரை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டும், சுருக்கி வரைதல் ஆங்கிலத்தில் மட்டும். தமிழ் வழியில் படித்தவருக்கு இரண்டு வருட உழைப்பு தேவைப்படும். அதிகாரிகளுக்கும் இடமாற்றம் வடக்கும் கிழக்குமாகத்தான் இருக்கும். ஆனால் குடும்பத்தைக் கூட்டிப்போக வசதியும் சம்பளமும் அதிகம்.

தமிழ்நாடு காவல்துறை. இரவுக் கணக்கில் இதற்குத்தான் முதலிடம். இரண்டாம் நிலைக் காவலருக்கு அடிப்படை 18,200, எஸ்.ஐ.க்கு 36,900. தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் எடுத்தால்தான் அடுத்த தாளைத் திருத்துவார்கள், நம் பிள்ளைகளுக்கு அது சிரமமில்லை. வயது வரம்பும் தாராளம். காவலருக்குப் பொதுப்பிரிவில் 26, பிற்படுத்தப்பட்டோருக்கு 28. எஸ்.ஐ.க்கு முறையே 30, 32.

ஆனால் "உள்ளூர் போலீஸ், தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம்" என்று நினைத்துவிடக் கூடாது. காவலராகச் சேர்ந்து சிறப்புக் காவல் படைக்குப் போனால் மணிமுத்தாறிலோ, பழனியிலோ, ராஜபாளையத்திலோ பட்டாலியனில் இருப்பார்கள். திருவண்ணாமலை தீபம், தலைவர்கள் வருகை, தேர்தல் என்று பந்தோபஸ்து போய்க்கொண்டே இருக்கும். தீபாவளியன்று வீட்டில் இருக்கும் போலீஸ்காரரை நான் பார்த்ததில்லை. இருந்தாலும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஓர் இரவு பஸ் ஏறி வந்துவிடலாம். ஜெய்சல்மரிலிருந்து அப்படி வர முடியாது. மனைவியின் வேலையும் அப்படியே இருக்கும், பிள்ளை தமிழ் படிக்கும், பாட்டி தாத்தா பக்கத்தில் இருப்பார்கள். பெண்களுக்கு இன்னொன்று: தமிழ்நாடு அரசுப் பணியில் மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம், மத்திய அரசில் 180 நாள். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கும் மாணவிக்கு இது சின்ன வித்தியாசமில்லை.

கடைசியாக பிராந்திய ராணுவம். இதை ஒரு வேலையாக நினைத்து வரக் கூடாது. சொந்தமாக வேலையோ தொழிலோ இருப்பவர், வருடத்தில் குறிப்பிட்ட காலம் சீருடை போட்டுப் பயிற்சி எடுப்பார், நாடு கூப்பிடும்போது போவார். 1949 அக்டோபர் 9 அன்று இதைத் தொடங்கி வைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. கோவையில் இதன் 110ஆவது காலாட்படை பட்டாலியன் இருக்கிறது, மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தது. பட்டதாரிகள் 42 வயது வரை அதிகாரிப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ராணுவத்தின் ஆலிவ் பச்சை போட்டே தீர வேண்டும் என்ற ஆசை தீராதவருக்கு இன்னும் இருபது வருடம் திறந்திருக்கும் கதவு இது. ஆனால் கவனம்: போலீஸிலோ துணை ராணுவப் படையிலோ பணியில் இருப்பவர் இதில் சேர முடியாது. அந்தச் சீருடையைப் போட்டால் இந்தச் சீருடை இல்லை. ஆசிரியர், வங்கி ஊழியர், சொந்தத் தொழில் செய்பவர், இவர்களுக்கான வழி.

ஆக, அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன்? அவர் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. கதவுகள் மூடும் வரிசையை முதலில் எழுதச் சொன்னேன். எஸ்எஸ்சி ஜிடி 26இல் மூடும், காவலரும் உதவி கமாண்டன்ட்டும் 28இல், எஸ்.ஐ. 32இல், பிராந்திய ராணுவம் 42இல். முதலில் மூடுவதைத்தான் முதலில் தட்ட வேண்டும்.

படிப்பை விட்டுவிட்டு முழு நேரமாகத் தயாராகலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்பதற்காகப் பட்டத்தை விட்டால் எஸ்.ஐ., உதவி கமாண்டன்ட் இரண்டும் சேர்ந்து போய்விடும். மிச்சமிருப்பது இரண்டு செமஸ்டர். முடித்துவிட வேண்டும், அரியர் இல்லாமல்.

என் யோசனை இது. இந்த வருடமே எஸ்எஸ்சி ஜிடி எழுதட்டும், சிஐஎஸ்எஃப் முதல் விருப்பமாக. அது வந்தால் வீட்டுக்கு ஒரு நிலையான வருமானம். வேலையில் இருந்துகொண்டே, துறையின் அனுமதியோடு, உதவி கமாண்டன்ட்டுக்கும் எஸ்.ஐ.க்கும் எழுதட்டும். எதை முதல் குறியாக வைப்பது என்பதை மட்டும் நான் முடிவு செய்யவில்லை. அதை மனைவியோடு பேசிவிட்டு வரச் சொன்னேன். குடும்பம் கூடவே வடக்கே போகத் தயார் என்றால் உதவி கமாண்டன்ட், இங்கேயே இருக்க வேண்டும் என்றால் எஸ்.ஐ. ஒரு வீட்டுக்குப் பொருந்துவது இன்னொரு வீட்டுக்குப் பொருந்தாது.

அடுத்த சனிக்கிழமை இருவரும் குழந்தையோடு வீட்டுக்கே வந்தார்கள். அந்தப் பெண் நர்சிங் டிப்ளமோ முடித்தவர், குழந்தைக்காக வேலையை விட்டிருக்கிறார். அவர் கேட்ட கேள்விகள் அவர் கணவர் கேட்டதைவிடக் கூர்மையாக இருந்தன. "ட்ரெயினிங்ல இருக்கும்போது பாப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னா போன்ல பேச விடுவாங்களா மேடம்? சம்பளம் முதல் மாசத்துலேர்ந்தே வருமா? அவரு வடக்க போனா நான் அங்க நர்ஸ் வேலைக்குப் போக முடியுமா?" பயிற்சியிலேயே சம்பளம் வரும், போன் குறிப்பிட்ட நேரத்தில்தான் கையில் கிடைக்கும் என்றேன். மூன்றாவது கேள்விக்கு என் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா அந்தப் பெண்ணைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் ஒரு தாளில் எழுதியிருந்தார். மேலே சிஐஎஸ்எஃப், அதற்குக் கீழே எஸ்.ஐ. உதவி கமாண்டன்ட் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதற்கும் கீழே தனக்கென்று ஒரு வரி: அரசு செவிலியர் தேர்வு, பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்ததும்.

தம்பி திங்கட்கிழமையிலிருந்து ஓட ஆரம்பித்திருக்கிறார். கிரவுண்டில் அதிகாலை ஐந்து மணிக்கு, பதினெட்டு வயதுப் பையன்களோடு. இப்போதைக்கு ஐந்து கிலோமீட்டருக்கு 27 நிமிடம் ஆகிறதாம். குழந்தை இரவில் தூங்க விடாத நாட்களில் இன்னும் அதிகம்.